அறிந்தும் செய்யாதது ஏன்?

மருத்துவமனையின் வெளிநோயாளர் பகுதியில் முறைக்காகக் காத்திருந்த அனுபவம் நம் எல்லோர்க்கும் உண்டு. எதிர்ச்சுவரில் வரிசையாகச் சுவரொட்டிகள் தொங்கும். குடிநீரைக் காய்ச்சிப் பருக வேண்டும் என்று ஒன்று சொல்லும்; புகையிலை உயிரைக் குடிக்கும் என்று மற்றொன்று எச்சரிக்கும். அவற்றின் கீழேயே ஒருவர் அமர்ந்திருப்பார். சுவரொட்டியை ஒருமுறைக்கு இருமுறை படித்தும் இருப்பார். ஆயினும் அவருடைய சட்டைப்பையில் பீடிக்கட்டு எட்டிப் பார்த்துக் கொண்டிருக்கும்.

அவர் படிக்கத் தெரியாதவர் அல்லர். புகையின் தீமையை அறியாதவரும் அல்லர். அப்படியானால் அறிந்ததைச் செய்யவிடாமல் அவரைத் தடுப்பது எது? அவரைப் பார்த்துத் தலையசைக்கும் நாமும், உப்பைக் குறைக்க வேண்டும், நாள்தோறும் நடக்க வேண்டும் என்று அறிந்திருந்தும் செய்யாமல்தானே இருக்கின்றோம்?

இக்கேள்விக்கு விடை காண்பதற்காகவே தொடர்பியல் அறிஞர்கள் பலர் தம் வாழ்நாளைச் செலவிட்டிருக்கின்றனர். ஊசியின் வழியே மருந்து உடலுக்குள் செல்வது போல, வானொலியும் செய்தித்தாளும் தரும் செய்தி மக்கள் மனத்துள் நேரே புகுந்து வேலை செய்யும் என்று ஒரு காலத்தில் பலரும் எண்ணியிருந்தனர். ஆராய்ந்து பார்த்தபோது உண்மை வேறாக இருந்தது. அவர்கள் கண்டவற்றுள் சிலவற்றை இங்கே காண்போம். ஒவ்வொரு குடும்பத்தின் நலனும் இதனோடு பிணைந்திருக்கின்றது.

பெரு நாட்டுச் சிற்றூர் ஒன்று

தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில், இகா என்னும் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 200 குடும்பங்கள் வாழ்ந்த சிற்றூர் ஒன்று இருந்தது. அவ்வூர் மக்கள் பருகிய நீர் தூய்மையற்றது. ஆகவே வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் அவர்களை விட்டு அகலவில்லை. நீரைக் காய்ச்சிப் பருகும்படி மக்களை இணங்கச் செய்வதற்காக அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை ஒரு பெண் ஊழியரை அங்கே அனுப்பியது. அவர் ஈராண்டுக் காலம் வீடு வீடாகச் சென்றார், பொறுமையாக எடுத்துரைத்தார், மருத்துவர் ஒருவரையும் வரவழைத்துப் பேசச் செய்தார். முடிவில் புதிதாக அப்பழக்கத்தை மேற்கொண்ட இல்லத்தரசியர் எத்தனை பேர் தெரியுமா? 11 பேர் மட்டுமே!

எட்வர்டு வெல்லின் என்னும் ஆய்வாளர் இந்தத் தோல்வியை ஆராய்ந்து 1955இல் எழுதினார். எவரெட் ராஜர்ஸ் 1962இல் வெளியிட்ட, புதுமைகள் பரவும் விதத்தைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலில் இதனை எடுத்தாண்டதால், இச்சிற்றூரின் கதை உலகெங்கும் தெரிய வந்தது.

தோல்விக்குக் காரணம் மக்களின் சோம்பல் அன்று. அவ்வூரார் எல்லா உணவையும் ‘சூடு’ என்றும் ‘குளிர்ச்சி’ என்றும் பிரித்து வைத்திருந்தனர். நமக்கு இது விளங்காத செய்தியன்று. பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள்தாமே நாம்! அவர்கள் கணக்கில் பச்சைத் தண்ணீர் குளிர்ச்சியானது, நோயாளிக்கு ஆகாதது. காய்ச்சினால் அதன் குளிர்ச்சி நீங்கும். பிறகு நோயாளி அதைப் பருகலாம். ஆகவே காய்ச்சிய நீர் என்பது நோயாளிக்கு உரியதாயிற்று. உடல்நலமுள்ள ஒருவன் அதைப் பருகினால், ஊரார் அவனை நோயாளியாகப் பார்ப்பர்.

ஊழியரோ கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றிப் பேசினார். தாங்கள் கண்டறியாத உயிர்கள் தண்ணீருக்குள் வாழ்கின்றன என்பதை அப்பெண்கள் நம்ப மறுத்தனர். அவர் சொன்னது அறிவியல். கேட்டவர்கள் வாழ்ந்தது மரபு. இரண்டுக்கும் இடையே பாலம் போடப்படவில்லை. அன்றியும் அவர் சொல்லுக்கு முதலில் செவிசாய்த்தவர்கள் ஊராரால் பெரிதாக மதிக்கப்படாதவர்கள்: நோயுற்றவர்களும், வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களும் ஆவர். அவர்கள் மாறினாலும் அவர்களைப் பார்த்து ஊர் மாறவில்லை. ஊரார் யாரைப் பார்த்து நடக்கின்றனரோ அவரை முதலில் அணுக வேண்டும் என்பதே ராஜர்ஸ் இதிலிருந்து எடுத்துக் காட்டிய பாடம்.

அச்சுறுத்தினால் போதுமா?

“பயம் காட்டினால் தானே திருந்துவார்கள்” என்று நம்மில் சிலர் கூறலாம். இதையும் அறிஞர்கள் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். 1953இல் ஜானிஸ், ஃபெஷ்பாக் என்னும் இருவர் பள்ளி மாணவர்களிடையே பற்களைப் பேணுவது குறித்து மூவகையான சொற்பொழிவுகளை நிகழ்த்தச் செய்தனர். மிகுதியாக அச்சுறுத்திய சொற்பொழிவைக் கேட்டவர்கள் கவலைப்பட்டனர். ஆனால் சொன்னபடி நடந்தவர்கள் அவர்களுள்தான் மிகக் குறைவு. அச்சம் அளவு கடந்தால், மனம் அச்செய்தியையே தள்ளிவிட முயல்கின்றது.

1965இல் ஹோவர்டு லெவந்தால் என்பவரும் அவருடைய தோழர்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து இறுதியாண்டு மாணவர்களுக்கு, இரணசன்னித் தடுப்பூசி போட்டுக் கொள்ளும்படி வலியுறுத்தும் சிறு நூல்கள் வழங்கப்பட்டன. சிலருக்குக் கிடைத்த நூல் கடுமையாக அச்சுறுத்தியது. வேறு சிலருக்குக் கிடைத்தது மென்மையாக எடுத்துரைத்தது. படித்த மாணவர் பலரும் தடுப்பூசி நல்லது என்று ஒப்புக் கொண்டனர். ஆனால் உண்மையில் சென்று போட்டுக் கொண்டவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேர்.

மற்றொரு பிரிவினருக்கு மட்டும் நூலோடு சிறு குறிப்பு ஒன்றும் சேர்த்துத் தரப்பட்டது. பல்கலைக்கழக வரைபடம் ஒன்றில் சுகாதார நிலையம் இருக்குமிடம் குறித்துக் காட்டப்பட்டிருந்தது. ஊசி போடும் நேரமும் எழுதப்பட்டிருந்தது. அவ்வாரத்து வேலைகளுக்கிடையே எந்நேரத்தில் அங்கே செல்ல இயலும் என்று எண்ணிப் பார்க்கும்படியும் மாணவர்கள் கேட்டுக் கொள்ளப்பட்டனர். இப்பிரிவில் சென்று போட்டுக் கொண்டவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர்!

இறுதியாண்டு மாணவர்களுக்குச் சுகாதார நிலையம் எங்கே இருக்கின்றது என்று தெரியாதா? தெரியும். ஆயினும் “என்றாவது ஒருநாள் போகலாம்” என்றிருந்த எண்ணத்தை, “வியாழக்கிழமை பிற்பகல் போவேன்” என்று மாற்றியது அந்தச் சிறு குறிப்பே. நூலின் அச்சம் கடுமையாக இருந்ததா, மென்மையாக இருந்ததா என்பதனால் செயலில் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை. ஆனால் ஆபத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் வரைபடத்தை மட்டும் பெற்றவர்களும் செல்லவில்லை. ஆபத்து இன்னதென்று தெரிய வேண்டும். அதற்கு மேலாக, அடுத்த அடியை எங்கே, எப்போது எடுத்து வைப்பது என்பதும் தெளிவாக வேண்டும்.

இடையில் நிற்கும் மனிதர்

வானொலிக்கும் நம் காதுக்கும் இடையே வேறொருவர் நிற்கின்றார் என்பது 1940ஆம் ஆண்டிலேயே புலப்படத் தொடங்கியது. அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, ஒகையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் வாக்காளரை மாதந்தோறும் கண்டு பேசினர். யாருக்கு வாக்களிப்பது என்ற முடிவில், செய்தித்தாளையும் வானொலியையும் விட உற்றார், நண்பர், உடன் பணியாற்றுவோர் ஆகியோரின் பேச்சே மிகுந்த செல்வாக்குப் பெற்றிருந்ததை அவர்கள் கண்டனர்.

பின்னர் இல்லினாய் மாநிலத்தின் டெகேட்டர் நகரில் ஏறத்தாழ 800 பெண்களிடம் விசாரித்து எழுதப்பட்ட நூலை, எலிஹு காட்ஸும் லாசர்ஸ்ஃபெல்டும் 1955இல் வெளியிட்டனர். கடைப்பொருள் வாங்குதல், உடை, திரைப்படம், பொது விவகாரம் என ஒவ்வொன்றிலும் பிறர் நாடி யோசனை கேட்கும் சிலர் எங்கும் இருந்தனர். அவர்கள் பெரும் பதவியில் இருந்தவர்கள் அல்லர். அடுத்த வீட்டிலும் அதே தெருவிலும் வாழ்ந்த சாதாரண மனிதர்களே. செய்தி முதலில் அவர்களை அடைகின்றது. அவர்கள் வாயிலாகவே மற்றவர்களை அடைகின்றது. இதனையே ‘ஈரடுக்குத் தொடர்பு’ என்றனர்.

மூன்று ஊர்களில் ஒரு சோதனை

இந்த உண்மையை மக்கள் நலத்திற்குப் பயன்படுத்த முடியுமா? இதய நோய் மருத்துவரான ஜான் ஃபார்க்கரும், தொடர்பியல் அறிஞரான நேத்தன் மக்கோபியும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து இம்முயற்சியில் இறங்கினர். 1972இல் கலிஃபோர்னியாவின் வடபகுதியில் டிரேசி, கில்ராய், வாட்சன்வில் என்னும் மூன்று சிறு நகரங்களை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். டிரேசியில் ஒன்றும் செய்யவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதை அப்படியே விட்டுவிட்டனர். கில்ராயில் தொலைக்காட்சி, வானொலி, செய்தித்தாள், விளம்பரப் பலகை, அஞ்சல் ஆகியவற்றின் வழியே ஈராண்டுக் காலம் பரப்புரை செய்தனர். அங்கே ஸ்பானிய மொழி பேசுவோரும் மிகுதியாக இருந்தமையால், செய்திகள் அம்மொழியிலும் தயாரிக்கப்பட்டன. வாட்சன்வில் நகரில் இவை அனைத்தோடும், இதய நோய்க்கு ஆளாகக்கூடியவர்களுள் ஒரு பகுதியினரை நேரில் சந்தித்துப் பயிற்சியும் அளித்தனர்.

முடிவு 1977இல் வெளியாயிற்று. ஒன்றும் செய்யப்படாத ஊரில் இதய நோய்க்கான ஆபத்து கூடியிருந்தது. மற்ற இரண்டு ஊர்களிலும் கணிசமாகக் குறைந்திருந்தது. நேரில் பயிற்சி பெற்றவர்களிடம் முன்னேற்றம் முதலாண்டிலேயே மிகுதியாகக் காணப்பட்டது. புகைப்பதைக் குறைப்பதிலும் அவர்களே மேம்பட்டு நின்றனர். ஆயினும் இரண்டாம் ஆண்டின் முடிவில், வெறும் பரப்புரை மட்டும் நடந்த ஊரும் ஏறத்தாழ அவர்களை எட்டிப் பிடித்தது.

ஆகவே வானொலியும் செய்தித்தாளும் பயனற்றவை என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது. மக்களின் மொழியில், திட்டமிட்டு, இடைவிடாமல், இன்னது செய்க என்று தெளிவாகச் சொன்னால் அவையும் பயன் தரும். ஆனால் புகைப்பது போன்ற வேரோடிய பழக்கத்தைக் களைவதற்கு, பக்கத்தில் நின்று கைகொடுக்க ஒரு மனிதர் தேவைப்படுகின்றார்.

வட கரேலியாவின் இல்லத்தரசியர்

அதே 1972ஆம் ஆண்டில், ஃபின்லாந்து நாட்டின் கிழக்கெல்லையிலுள்ள வட கரேலியா மாநிலத்திலும் ஒரு முயற்சி தொடங்கியது. அங்கே நடுவயது ஆண்கள் மாரடைப்பால் மாண்டு கொண்டிருந்தனர். காடுகளில் மரம் வெட்டிக் கடினமாக உழைத்த உறுதியான மனிதர்கள் திடீரெனச் சாய்ந்தனர். வெண்ணெய், கொழுப்பு மிகுந்த பால், உப்பிட்ட இறைச்சி, புகைப்பழக்கம் ஆகியவை காரணம் என்று மருத்துவர்கள் கண்டனர். தங்கள் தந்தையரும் சகோதரரும் மடிவதைப் பொறுக்காத மாநில மக்களின் பிரதிநிதிகள், 1971இல் அரசிடம் மனு அளித்து உதவி கேட்டனர். பெக்கா புஸ்கா என்னும் இளம் மருத்துவர் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 27.

அவர் துண்டறிக்கைகளோடு நிற்கவில்லை. ‘மார்த்தா’ என்னும் இல்லத்தரசியர் சங்கத்தை நாடினார். ஊர்தோறும் பெண்கள் கூடி, தங்கள் பாரம்பரிய இறைச்சிக் குழம்பையே கொழுப்பைக் குறைத்து, காய்கறிகளைக் கூட்டிச் சமைத்து, எல்லோரும் ஒருங்கே உண்டனர். பேசி விளக்குவதைவிட உண்டு பார்த்து ஏற்றுக் கொள்வது எளிதன்றோ! ஊராரால் மதிக்கப்பட்டவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்கள் அக்கம்பக்கத்தாரோடு பேசினர். புகைப்பதை விடுவோருக்கு ஊருக்கு ஊர் போட்டி நடந்தது. பால் விற்பனை குறையும் என்று அஞ்சிய உழவர்கள் சிறு பழங்களைப் பயிரிடவும் ஊக்குவிக்கப்பட்டனர். செய்தித்தாளும் வானொலியும் தொலைக்காட்சியும் இவற்றையெல்லாம் ஊரறியச் செய்தன.

திட்டம் தொடங்குவதற்கு முந்திய ஆண்டுகளோடு ஒப்பிட, 2006ஆம் ஆண்டளவில் அம்மாநிலத்தின் 35 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களிடையே இதயத் தமனி நோயால் நேர்ந்த இறப்பு வீதம் 80 விழுக்காட்டிற்கு மேல் குறைந்திருந்தது. மருத்துவ முன்னேற்றத்திற்கும் இதில் பங்குண்டு. ஃபின்லாந்து முழுவதிலுமே இறப்பு குறைந்தது என்பதும் உண்மை. ஆயினும் முதலில் வழிகாட்டியது வட கரேலியாவே.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1995இல் நாடெங்கும் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கப்பட்டன. தொலைக்காட்சியில் நடிகர் அமிதாப் பச்சன் அழைப்பு விடுத்தார். ஆனால் உத்தரப் பிரதேசத்தின் சில பகுதிகளில், சொட்டு மருந்து குழந்தைகளை மலடாக்கிவிடும் என்னும் வதந்தி பரவியது. கதவுகள் மூடப்பட்டன. அக்கதவுகளைத் திறந்தவர்கள் அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண் ஊழியர்களும், அவர்களோடு சென்ற சமயப் பெரியோரும் ஆவர். 13-1-2011க்குப் பின் இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் ஒரு குழந்தையும் முடமானதாகப் பதிவாகவில்லை. 27-3-2014 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

அலுவலகத்திற்கு வந்த கணிப்பொறி

உடல்நலச் செய்திக்கும் அலுவலகத்துக் கணிப்பொறிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். பொதுநலப் பரப்புரைகளைப் பற்றி 1981இல் வெளியான முக்கியமான நூலைத் தொகுத்தவர்களுள் ஒருவரான ரானல்டு ரைஸ் என்பவரே, 1987இல் பானி ஜான்சனோடு சேர்ந்து அலுவலகக் கணிப்பொறிகளைப் பற்றியும் நூல் எழுதினார். புதியதொன்று மக்களிடையே எப்படி வேரூன்றுகின்றது என்பதே இரண்டிலும் கேள்வி.

1980களில் அமெரிக்க அலுவலகங்களில் ‘வேர்டு பிராசசர்’ எனப்பட்ட, எழுத்துகளைத் திருத்தி அச்சிடும் பொறிகள் வந்திறங்கின. ஏறத்தாழ ஒரே வகையான பொறி. ஆனால் பயனோ இடத்திற்கு இடம் வேறுபட்டது. சில அலுவலகங்கள் அதனை விரைவான தட்டச்சுப் பொறியாக மட்டுமே கருதி, ஊழியரை ஒரு மூலையில் அமர்த்தி வேலை வாங்கின. அங்கே பெரும் பயன் விளையவில்லை. வேறு சிலவற்றில் ஊழியர்கள் தாமாகச் செய்து பார்க்கவும், கண்டுபிடித்த வழிகளை ஒருவர்க்கொருவர் கற்றுக் கொடுக்கவும், வேலை முறையையே மாற்றியமைக்கவும் இடமளிக்கப்பட்டது. அங்கே அதே பொறி, வாங்கியவர்கள் எதிர்பாராத பயன்களையும் தந்தது.

ஷோஷானா சுபாஃப் என்னும் அறிஞர் 1988இல் வெளியிட்ட நூலில் இதன் மறுபக்கம் தெரிகின்றது. கணிப்பொறி வருமுன்னும் வந்தபின்னும் தங்கள் வேலை எப்படி இருக்கின்றது என்று படம் வரைந்து காட்டுமாறு அலுவலக எழுத்தர்களை அவர் கேட்டார். முன்னைய படங்களில் மனிதர்கள் ஒருவரோடொருவர் கூடிச் சிரித்திருந்தனர். பின்னைய படங்களில் தனித்தனியே, இருக்கையோடு பிணைக்கப்பட்டவர்கள் போல் காணப்பட்டனர். காகிதக் கூழ் ஆலைகளிலோ, கூழைக் கையால் தொட்டே அதன் பக்குவத்தை அறிந்த தொழிலாளர்கள், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அமர்ந்து திரையிலுள்ள எண்களை நம்ப வேண்டியதாயிற்று. பல்லாண்டு உழைத்துச் சேர்த்த அறிவு செல்லாக்காசாகிவிட்டதோ என்று அவர்கள் திகைத்தனர்.

பெரு நாட்டுப் பெண்களின் தயக்கத்தைப் போன்றே இவர்களுடைய தயக்கமும் அறியாமையினால் விளைந்ததன்று. புதியது வரும்போது அவர்களிடம் ஏற்கெனவே இருந்ததை யாரும் மதிக்கவில்லை. அதனால் விளைந்த வேதனை அது. நம் வீட்டு முதியவர்கள் வங்கி இயந்திரத்தின் முன்னும் கைப்பேசியின் முன்னும் தயங்கி நிற்கும்போது, “இதுகூடத் தெரியவில்லையா?” என்று கேட்கும் இளைஞர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் நலம்.

அதே வழியில் வரும் பொய்

இதுவரை சொன்னதில் ஓர் ஆபத்தும் அடங்கியிருக்கின்றது. நமக்கு நெருங்கியவரின் சொல் நம்மை மாற்றும் என்றால், அது உண்மையாயினும் மாற்றும், பொய்யாயினும் மாற்றும். கொரோனாப் பெருந்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டில், நோயோடு பொய்த் தகவல்களும் தொற்றாகப் பரவுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. அப்பொய்களைப் பெரும்பாலோர் முன்பின் அறியாதவர் சொன்னதற்காகவா நம்பினர்? மாமாவும் சித்தியும் பள்ளித் தோழரும் அன்பினால் அனுப்பி வைத்தமையால்தான் நம்பினர். தீய எண்ணம் சிறிதும் இல்லாத கைகளின் வழியாகவே தீமை பரவிற்று.

நாம் செய்யக்கூடியவை

ஆகவே இவ்வாய்வுகளின் பாடம் அரசுக்கும் மருத்துவர்க்கும் மட்டும் உரியதன்று. ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்று பேசும் நாம் ஒவ்வொருவரும், யாரோ ஒருவருக்கு அந்த ‘இடையில் நிற்கும் மனிதராக’ இருக்கின்றோம்.

முதலாவது, அறிவுரை சொல்லுமுன் கேட்டறிவோம். மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்று விசாரித்தால், வயிற்றெரிச்சலோ பணமுடையோ நமக்குத் தெரியாத வேறொரு காரணமோ வெளிப்படும்.

இரண்டாவது, அச்சுறுத்துவதோடு நிறுத்தாமல் அடுத்த அடியைக் காட்டுவோம். “சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் காலை எடுக்க நேரிடும்” என்று சொல்லிவிட்டுப் போவதைவிட, “செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குச் சாப்பிடாமல் இருங்கள், நான் வந்து அழைத்துச் செல்கிறேன்” என்பது மேலானது.

மூன்றாவது, வீட்டுச் சமையலில் மாற்றம் வேண்டுமானால் குடும்பம் முழுவதும் சேர்ந்து மாறுவோம். அப்பாவுக்கு மட்டும் உப்பில்லாக் குழம்பு என்று தனியே ஒதுக்கினால், பெரு நாட்டுச் சிற்றூரில் வெந்நீர் பருகியவரைப் போல அவரும் வீட்டில் நோயாளியாகிவிடுவார்.

நான்காவது, கைப்பேசியில் வரும் மருத்துவச் செய்தியை மற்றவருக்கு அனுப்புமுன், அறிந்த மருத்துவர் ஒருவரையோ செவிலியரையோ கேட்டுத் தெளிவோம். நம்மை நம்புகின்றவர்கள் இருக்கின்றார்கள். அந்நம்பிக்கைக்கு நாம் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள்.

மருத்துவமனைச் சுவரொட்டி தன் வேலையைச் செய்துவிட்டது. ஆபத்தை அது அறிவித்துவிட்டது. அதன் கீழே பீடிக்கட்டோடு அமர்ந்திருக்கும் அந்த மனிதருக்கு இனி வேண்டியது இன்னொரு சுவரொட்டி அன்று. அவர் அருகில் அமர்ந்து, “இந்த வாரம் நாம் இருவரும் சேர்ந்து தொடங்குவோமா, அண்ணே?” என்று கேட்கும் ஒரு குரல். அக்குரல் உங்களுடையதாகவே இருக்கலாம்.